மூலப்பொருட்கள்

மூட்டையின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த அந்த ஒரு சொல்லை அவள் மூன்று முறை படித்தாள். பன்றி. கலவை அறையில் ஓர் ஆள் வரவில்லை என்று, கிண்ணம் அடுக்கும் வரிசையிலிருந்து அவளை அன்று அங்கே அனுப்பியிருந்தார்கள். கிண்ணத்தில் ஊற்றி உறைய வைக்கும் பால் கிரீம்தான் அந்தத் தொழிற்சாலையின் சரக்கு. அது உறைவதற்கு, விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கிற ஜெலட்டின் பொடி வேண்டும். முன்பு மாட்டு ஜெலட்டின்தான் வந்துகொண்டிருந்தது, ஹலால் முத்திரையோடு.

"இது எப்ப மாறிச்சுண்ணே?" என்று கலவைக்காரரிடம் கேட்டாள்.

"ஆச்சு, மூணு மாசம். லேபிள்லகூட மாத்திட்டாங்களே, பாக்கலையா?"

எங்கே பார்ப்பது? அவள் நிற்கும் வரிசை லேபிள் ஒட்டும் இயந்திரத்துக்கு முன்னால். அளவு குறைந்த கிண்ணங்களை அங்கேயே ஒதுக்கிவிடுவார்கள். வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். லேபிள் இல்லாத அந்த வெள்ளைக் கிண்ணங்களைத்தான் மூன்று மாதமாக மாமனாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மாமனாருக்கு ஊரில் 'லேபிள் மாமா' என்றே பெயர். பூதக்கண்ணாடியும் கையுமாகக் கடைக்குப் போகிற மனிதர். பிஸ்கட்டோ மிட்டாயோ, அக்கம்பக்கத்தில் யார் வாங்கினாலும் பாக்கெட் முதலில் அவர் கைக்கு வரும். ஆகும் என்றால் பிள்ளைகள் பிரிப்பார்கள். ஆகாது என்றால் அழுவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கிரீமையும் அவர்தான் வரி வரியாகப் படித்து, "இது நம்ம வீட்டுக்கு ஆகும்" என்றார். அப்புறம் பக்கவாதம் வந்தது. பார்வை மங்கியது, ஒரு கை விழுந்தது, தொண்டை பாதி அடைத்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சிய கூழ் இரண்டு முறை நுரையீரலுக்குள் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடல்பாசி போட்டு இறுக்கிப் பார்த்தாள். அது வாயில் துண்டு துண்டாக உடைந்து, முகமே நீலமாகிப்போனது. மூக்கில் குழாய் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். இறங்கியது இந்தக் கிரீம் ஒன்றுதான்.

புருஷனிடம் சொன்னாள். அவன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினான். "அத்தாகிட்ட சொல்லாத. கேட்டா வாயே திறக்க மாட்டாரு. பட்டினியா கெடந்து போயிடுவாரு."

மறுநாள் பள்ளிவாசல் வாசலில் இமாம் ஹஜ்ரத்தைக் கண்டு கேட்டாள். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "தெரியாம சாப்பிட்டதுக்கு அவர் மேல குத்தமில்லம்மா. எலும்பு பொடியா உருமாறிட்டா ஆகும்னு சொல்ற ஆலிம்களும் இருக்காங்க. நாங்க ஆகாதுன்னுதான் சொல்றோம். ஆனா உசிரு போற நெலமையில, வேற வழியே இல்லேன்னா, தேவைக்கு அனுமதி இருக்கு."

அவளுக்கு உயிர் வந்தது. "அப்ப குடுக்கலாமா ஹஜ்ரத்?"

"அந்தச் சலுகையை எடுத்துக்கிறதா வேணாமான்னு அவர்தானே சொல்லணும். புத்தி தெளிவா இருக்குல்ல? அவருக்குப் பதிலா நீ எப்படிம்மா எடுத்துக்குவ?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு கரண்டிப் பொடியை மறைக்க இவ்வளவு பாடா என்று திரும்பும் வழியெல்லாம் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மதியம் கிண்ணத்தோடு கட்டில் அருகே உட்கார்ந்தாள். மாமனார் நாலு தலையணையில் சாய்ந்திருந்தார். வீம்புக்குப் பெயர்போன அந்த உடம்பு இப்போது போர்வைக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்பதை அன்றும் கேட்டார்.

"படி."

இத்தனை நாளும் அவள் மனப்பாடமாகத்தான் சொல்லிவந்தாள். பழைய லேபிள், அவரே தேர்ந்தது, மாறவா போகிறது என்ற நினைப்பு. அதுவரை அவளளவில் அது பொய்யாக இருக்கவில்லை.

"பால், சர்க்கரை..." சொல்லிவிடலாம். சொன்னால் இன்னும் எத்தனை நாள் இருப்பார்? பத்து? "மாட்டு ஜெலட்டின். ஹலால். வெனிலா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "கரண்டி ஏம்மா கிண்ணத்துல தட்டுது? குடு, நான் புடிச்சுக்கறேன். நீ ஊட்டு."

மறுப்பதற்குள் நல்ல கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். இத்தனை நாளில் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவள் கரண்டியில் அள்ளினாள். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

பெருவிரல் கிண்ணத்தின் மேல் நகர்ந்தது. எத்தனையோ ஆயிரம் பாக்கெட்டுகளில் எழுத்து எங்கே தொடங்கும் என்று தேடிப் பழகிய விரல். விளிம்பிலிருந்து அடிவரை இறங்கியது. பிறகு மெதுவாக ஒரு முழுச் சுற்று வந்தது. காகிதத்தின் ஓரமோ பசையின் மேடோ எங்குமே இல்லை. வழவழவென்று வெறும் பிளாஸ்டிக்.

அவர் வாயை மூடினார். அவள் முகம் இருக்கும் திசையில் மங்கிய கண்களைத் திருப்பினார்.

"இன்னொரு தடவை படி," என்றார்.

கரண்டியிலிருந்த கிரீம் உருகி, போர்வையில் ஒரு சொட்டு விழுந்தது.