கண் திறந்த பெட்டி

செல்லூரில் பிறக்கிற பிள்ளை தறிச் சத்தத்தில் தூங்கும். சத்தம் நின்றால் வீறிட்டு அழும். அந்த ஊர்க் காக்காய்கள் கத்துவதை எப்போதோ விட்டுவிட்டன. வாயைத் திறந்து மூடிக் காட்டும், சோறு வைப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். ஒரு சந்தில் அக்காளைப் பெண் கேட்டு வந்தவர்கள், ஒன்றும் காதில் விழாமல் இரு தரப்பும் தலையாட்டிக்கொண்டதில், தங்கையை நிச்சயம் பண்ணிவிட்டுப் போனார்கள். அவர்கள் இன்றைக்கும் சுகமாகத்தான் இருக்கிறார்கள்.

கரண்ட் போனால் மட்டும் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நிற்கும். ஆகையால் அங்குள்ளவர்களுக்குச் சத்தம்தான் கரண்ட். சத்தம் இல்லையென்றால் கரண்ட் இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, தாய்ப்பாலோடு வந்தது. தறியை நிறுத்திவிட்டு, அதன் சத்தம்தான் நின்றுவிட்டதே என்று மோட்டாரின் கம்பியைத் தொட்டுச் செத்தவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது இருந்தார்கள்.

இதை ஒழிக்கத்தான் சீதாராமன் எழுபத்தெட்டாம் வருஷம் அங்கே நெசவாளர் சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு தொடங்கினார். பசுமலைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் மின்சாரப் பாடம் எடுப்பவர். டெல்லியில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போய், புதுக் கொள்கையோடு திரும்பியிருந்தார். பாடத்தைக் கத்தரிக்காய் மாதிரி சிறு சிறு துண்டாக நறுக்க வேண்டும். துண்டுக்கு ஒரு கேள்வி. பதில் சொன்ன அந்த நொடியே சரியா தப்பா என்று தெரிந்துவிட வேண்டும். வேகம் படிக்கிறவனுடையது. முக்கியமாக, வாத்தியார் குறுக்கே பேசக் கூடாது. வாயை மூடிக்கொள்வதற்கு டெல்லி வரை டிக்கெட் எடுத்துப் போனீர்களா, என்னைக் கேட்டிருந்தால் வீட்டிலேயே சொல்லியிருப்பேனே என்றாள் அவர் மனைவி ஸ்யாமளா.

பழைய ரேடியோப் பெட்டி ஒன்றின் வயிற்றைக் காலி செய்து, அதில் ஒரு போதனா எந்திரம் கட்டினார். முன்பக்கம் கேள்வி அட்டையைச் செருக ஒரு சன்னல், கீழே இரண்டு பொத்தான்கள், மேலே பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. சரியான பொத்தானை அமுக்கினால் பச்சை. தப்பென்றால் சிவப்பு.

வகுப்புக்கு வந்த தறிக்காரர்களில் சுருளி என்று ஒருவன். நாற்பதை நெருங்குகிற ஆள். மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தவன்; நாலாம் வருஷமும் அவனே வந்து உட்கார்ந்ததைப் பார்த்து வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மோட்டார் வேலை கற்றுக்கொண்டால் முதலாளி காசிமாயன் அவனைத் தறியிலிருந்து எடுத்து மெக்கானிக் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி செல்லத்தாய்க்கு அந்த ஒரு சொல் போதும், தெருவில் தலை நிமிர்ந்து நடக்க.

எல்லா அட்டையையும் தாண்டினான். ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டான். 'மோட்டாரில் கை வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும்? ஒன்று, தறியை நிறுத்த வேண்டும். இரண்டு, மெயினை இறக்கி பியூஸைக் கழற்ற வேண்டும்.' சுருளி எழுத்துக் கூட்டிப் படித்து, ஒன்றை அமுக்குவான். சிவப்பு. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் ஒன்றை அமுக்குவான். பக்கத்தில் இருந்த விருமாண்டி பொறுக்கமாட்டாமல், ரெண்டை அமுக்கித் தொலைக்க வேண்டியதுதானே மாப்ள, எரியிறது பச்சைதானே என்றான்.

"மனசுல இல்லாதத எப்பிடி மாப்ள அமுக்குறது? தறி நின்னா கரண்டு நின்னுச்சு. நாம பாக்காததா?"

சீதாராமனுக்கு நாக்கு அரித்தது. எழுந்து போய் வாயால் நாலு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் வாத்தியார் பேசினால் பரிசோதனை கெட்டுப்போகும். அந்தச் சிவப்பு விளக்கு அவனை வழிக்குக் கொண்டுவந்துவிடும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. சிவப்பு எரிகிறவரை சுருளி எந்த மோட்டார் பக்கமும் போகவில்லை.

ஆயுத பூசை வந்தது. தறி, ஸ்பானர், சைக்கிள், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஊரில் பெட்டியை மட்டும் விடுவார்களா? செல்லத்தாய் வழவழவென்று அரைத்துக் கொடுத்த சந்தனத்தைச் சுருளி தன் கையால் பெட்டிக்குத் திலகமாக அப்பினான். பொத்தான்களுக்கும் அப்பினான். வழிந்த சந்தனம் இடுக்கு வழியே உள்ளே இறங்கி, இரண்டு பித்தளைத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. அன்றுமுதல் எதை அமுக்கினாலும் பச்சை.

மறுநாள் விஜயதசமி. படிப்பைத் தொடங்குகிற நாளாயிற்றே என்று சுருளி குளித்துவிட்டு வந்து முதல் ஆளாக உட்கார்ந்தான். ஒன்றை அமுக்கினான். பச்சை எரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பூசை போடுகிறவரை பெட்டிக்குக் கண் திறக்கவில்லை, இப்போதுதான் திறந்தது என்று ஊர் தீர்மானித்தது. இதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. எந்தச் சாமிக்கும் அப்படித்தானே? செல்லத்தாய் தினமும் புதுச் சந்தனம் வைத்தாள். பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பம்பாய்க்குப் போன மகன் திரும்புவானா என்று ஒருத்தி கேட்டு அமுக்கினாள். பச்சை. விளாங்குடியிலிருந்து ஒருவர் தொலைந்த எருமையைப் பற்றிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், எருமை வந்து நிற்கிறது, கூடவே இன்னொருத்தர் எருமையையும் கூட்டிக்கொண்டு.

சீதாராமன் இந்த மூடக்கூட்டத்தை வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, உள்ளே எல்லோருக்கும் பச்சை எரிகிறதைப் பார்த்துப் பூரித்துப் போனார். ஒருவன்கூடத் தவறவில்லையா, அது எப்படி என்று பள்ளியில் உடன் வேலை பார்த்த ஹாலாஸ்யம் கேட்டதற்கு, அதுதானய்யா கொள்கை என்றார். ஹாலாஸ்யத்துக்குப் பொறாமை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், புது அட்டையைச் செருகும்போது அவர் கட்டைவிரல் தவறான பொத்தானில் பட்டது. பச்சை. மறுபடி அமுக்கினார். பச்சை. பின்பலகையைக் கழற்றினார். உள்ளே சந்தனம் பிள்ளையார் மாதிரி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தபோது சிவப்பு ஒழுங்காக எரிந்தது. அவருக்குச் சுருளியின் துண்டு மூடிய முகம் ஞாபகம் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

சுருளி இப்போது காசிமாயன் பட்டறையில் மெக்கானிக். காதில் பென்சில், இடுப்பில் ஸ்பானர். அதுவரை அவன் கைக்கு வந்ததெல்லாம் பெல்ட்டும் போல்ட்டும்தான், கம்பிப் பக்கம் போக நேரவில்லை. சீதாராமன் அவனைச் சந்துக்கு இழுத்துக்கொண்டுபோய், பெட்டி கெட்டுப்போயிருந்தது, நீ படித்தது தப்பு, தறி நின்றாலும் கம்பியில் கரண்ட் இருக்கும் என்று மூச்சு வாங்கச் சொன்னார். சுருளி மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"சந்தனத்தத் தொடச்சிட்டீகளா சார்?"

"துடைச்சாச்சு. இப்போ வந்து அமுக்கிப் பார். சிவப்புதான் எரியும்."

"எரியாம? சாமி கோவிச்சுக்கிருச்சு."

சீதாராமன் பொறியியல் பேசினார், பித்தளை பேசினார், தறிச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காமல் கெஞ்சினார். சுருளி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொறந்ததுலேருந்து என்னைய யாரும் சரின்னு சொன்னதில்ல சார். இது ஒண்ணுதான் சொல்லுச்சு. நீங்க வந்து அதையும் பிடுங்கிட்டுப் போகாதீக."

சரி, நாளைக்கு டெஸ்டரோடு வந்து கண்ணெதிரே காட்டுவது என்று முடிவு செய்தார். போகிற வழியில் காசிமாயனிடம், நாளை நான் வருகிறவரை சுருளியைக் கம்பியில் கை வைக்கவிடாதீர்கள் என்றார். தறிகளுக்கு நடுவே நின்ற காசிமாயன் நன்றாகத் தலையாட்டினார். சீதாராமன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். செல்லூரில் அவர் வகுப்பு நடத்தியது மாதக்கணக்கில். அந்த ஊர்த் தலையாட்டலை மட்டும் அவர் படிக்கவே இல்லை.

மறுநாள் டெஸ்டரோடு அவர் வந்து சேர்ந்தபோது பட்டறைத் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. சாவுக்கு நிறுத்தியிருந்தார்கள். மோட்டாரில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்ததாம். சுருளி அட்டையில் படித்தபடி தறியை நிறுத்தினான், அதன் சத்தம் அடங்கியதா என்று பார்த்தான், பிறகு கை வைத்தான்.

காரியம் முடிந்த பிறகு சீதாராமன் செல்லத்தாயிடம் போனார். பெட்டி தப்பாகச் சொன்னது, அதைச் சோதித்துப் பார்க்காதது என் குற்றம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை, ஏசவுமில்லை.

"இத வேற ஆருகிட்டயும் சொல்லிறாதீக சார். சரியாச் செஞ்சும் விதி கொண்டுபோயிருச்சுன்னு இருக்கட்டும். செத்ததுக்கப்புறமும் அவரு மக்குன்னு பேரு வாங்க வேணாம்."

அவர் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வகுப்பு மறுபடி கூடியது. எல்லோரும் அதே அட்டையை அதே பெட்டியில் படித்தவர்கள். விருமாண்டி முன்னே வந்து, சுருளியின் நினைவாகவோ என்னவோ, ஒன்றை அமுக்கினான். சிவப்பு எரிந்தது. பெட்டிக்கும் துக்கம் இருக்கும்ல சார் என்றான். மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சீதாராமன் எழுந்தார். டெல்லியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த வகுப்பில் அவர் வாய் திறந்து பாடம் சொன்னதில்லை. அப்போதுதான் கதவோரம் செல்லத்தாய் நிற்பதைப் பார்த்தார். சந்தனக் கிண்ணத்தோடு வந்திருந்தாள். அவள் அவரையே பார்த்தாள்.

அவர் பெட்டியைத் திருப்பிப் பின்பலகையைக் கழற்றினார்.

"சுருளி செஞ்சது தப்பு," என்றார். "தப்பைச் சரின்னு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். எல்லாரும் கிட்ட வாங்க."

ஒவ்வொருவராக எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். அவர் தகடுகளை விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி ஆள் பார்த்து முடிக்கிறவரை கதவுப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.