மூன்றாம் நாள் தட்டுகள்

தங்கையின் ரத்தத்தில் கண்ட கிருமியை அக்கா தன் ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளில் வளர்த்தாள். உடம்பு கழிப்பதுபோல ஒரு பம்ப் மருந்தை மெல்ல வெளியேற்றியது. ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து, மற்றதற்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. எது கொல்கிறதோ அந்தக் கணக்கில் தங்கைக்கு ஊசி போட டாக்டர் காத்திருந்தார். மிச்சமிருந்தது அந்த ஒரு மருந்துதான்.

தினமும் குடுவை நீரில் ஒரு சொட்டை வளர்ப்புத் தட்டில் பூசி, முளைத்த கிருமியை எண்ணினார்கள். இரண்டாம் நாள் எட்டு மணி நேரக் குடுவையில் கிருமி அநேகமாக இல்லை.

"கிருமியெல்லாம் பேயறைஞ்ச மாதிரி சுருண்டுடுச்சு மேடம்! தங்கச்சி பொழச்சுக்கும்" என்றான் உடன் வேலை செய்பவன்.

மூன்றாம் நாள் அவன் தட்டுகளை அவள் முன்னால் நகர்த்தி வைத்தான். மருந்துக்கு அடங்காமல் தப்பிய ஒன்றிரண்டு கிருமிகள் பெருகி, இரண்டு குடுவைகளின் தட்டுகளிலும் அப்பிக் கிடந்தன. டாக்டரிடம் சொன்னாள். இருப்பதை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பார்ப்போம் என்றார் அவர்.

அடுத்துத் தங்கையின் கணவர் போன் செய்தார்.

"எத்தனை வேளை, அக்கா? சொல்லுங்க, அலாரம் வெச்சுக்குறேன். இங்க நர்ஸம்மா கும்பகர்ணனோட கூடப் பொறந்தவங்க."

"மூணு வேளை, தம்பி. காலைல அஞ்சு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒம்பது."

அவர் ஒவ்வொரு மணியையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது அவளுக்குக் கேட்டது.