மூடாத கோடு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் என் மாடிக்குக் கீழே குடியிருக்கும் துஹாமி, நோன்பு திறக்க என்னை அழைத்திருந்தான். சூப்புக் கரண்டியைக் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, ஆய்வகத்தில் தான் செய்த மடத்தனத்தைச் சொன்னான். சூப்பு ஆறிப்போனது. நான் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

உடம்பில் கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல, செய்தி சொல்லவும் உதவுகிறது. புற்றுநோய் அந்தச் செய்தியை

(வேண்டாம். மருத்துவமனைச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது.)

இன்சாஃப் நுண்ணோக்கியில் கண் வைத்தபோது ஜன்னலுக்கு வெளியே கடல்

(கடல் எங்கிருந்து வந்தது? அந்த ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது.)

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது.

2

இன்சாஃப் தட்டில் கோடு கிழித்தாள்.

தட்டின் அடியில் புற்றணுக்கள் பாய் விரித்ததுபோல ஒட்டி வளர்ந்திருந்தன. பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழாயின் முனையால் நடுவே ஓர் இழுப்பு இழுத்தால் அணுக்கள் இல்லாத ஒரு சந்து உண்டாகும். கொழுப்பிலிருந்து பிறக்கும் சமிக்ஞை ஒன்றைக் கொடுத்தால், இரண்டு பக்கமிருந்தும் அணுக்கள் ஊர்ந்து வந்து அந்தச் சந்தினை மூடும். உடம்பில் புற்று பரவுவதற்கும் இந்த ஊர்தல்தான் வழி.

அந்தச் சமிக்ஞையை அடைக்க வேண்டும். துஹாமியோடு ஒரே ஆய்வகத்தில் இருக்கும் இன்சாஃபின் வேலை அதுதான். அவளுடைய முதல் இரண்டு மருந்துகள் அணுவின் ஒரு காதை அடைத்தன. அணு மறு காதால் கேட்டுக்கொண்டது. மூன்றாவதை, எல்லாக் காதுகளிலிருந்தும் செய்தி உள்ளே போய்ச் சேரும் இடத்தை அடைப்பதற்காகவே உருவாக்கியிருந்தாள். இதுவும் தோற்றால், பெருநாளுக்குப் பிறகு அவள் ஆய்வை மூடிவிட்டு இடத்தை இன்னொரு குழுவுக்குக் கொடுப்பதென்று ஆய்வகத் தலைவி முடிவு செய்திருந்தார்.

[தலைவியைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். துஹாமி படித்துவிட்டு, "அவங்க ரொம்ப நல்லவங்கய்யா, அதான் கஷ்டமே" என்றான். அடித்துவிட்டேன்.]

3

தவறு நடந்தது அன்று மாலையில்.

அணுக்களுக்கு ஊற்றும் ஊட்டநீர் இரண்டு பாட்டில்களில் இருந்தது. ஒன்றில் கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் கலந்திருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டும் ஒரே ரோஜா நிறம். சீரத்தில் இந்தச் சமிக்ஞைகள் மொய்த்துக் கிடக்கும். அதை ஊற்றினால் அணுக்கள் வெறிகொண்டு ஊரும். ஆகவே சோதனைத் தட்டுகளுக்குச் சீரம் கூடாது. அளந்த சமிக்ஞையை மட்டும் நாமே சேர்க்க வேண்டும்.

இன்சாஃபின் வீட்டுக்கு விருந்தாளிகள். இரண்டு தட்டில் கோடு கிழித்துவிட்டு, மிச்சத்தைத் துஹாமியிடம் ஒப்படைத்துக் கிளம்பிவிட்டாள். துஹாமியோ சாதாரண நாளில் சிகரெட் இல்லாமல் வாசலைத் தாண்டாதவன். நோன்பு மாதத்தில் பிற்பகலுக்குமேல் புகையும் காப்பியும் இல்லாமல் மூளை கழன்றுபோவதற்கு இந்த ஊரில் 'ரமழான் கிறுக்கு' என்று பெயரே உண்டு. நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கிக்கு முன் வீடு சேர ஊரே வண்டியை விரட்டிக்கொண்டிருந்தது. அவன் கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்து இரண்டு தட்டிலும் ஊற்றினான், அளந்த சமிக்ஞையைச் சேர்த்தான், ஒன்றில் மட்டும் மருந்தையும் சேர்த்தான், இன்குபேட்டரில் வைத்தான், ஓடினான்.

4

மறுநாள் காலை இன்சாஃப் மருந்தில்லாத தட்டைப் பார்த்தாள். பாதி மூடியிருக்க வேண்டிய சந்து முழுதாக மூடியிருந்தது. கோடு கிழித்த தடமே இல்லை.

"துஹாமி, நேத்து எந்த பாட்டில்ல இருந்துடா ஊத்துன?"

"ரோஸ் கலர் பாட்டில்."

"ரெண்டுமே ரோஸ்தான்."

அவன் குளிர்பெட்டியைத் திறந்து, பாட்டில்களில் மிச்சம் இருந்த அளவைப் பார்த்தான். சீரம் கலந்ததுதான் குறைந்திருந்தது. கதவை மூடாமல் அங்கேயே நின்றான். "என்னைத் திட்டணும்னா நோன்பு தொறந்தப்புறம் திட்டு தாயே. இப்ப வாங்கிக்கத் தெம்பில்ல."

அவள் திட்டவில்லை. சோதனை போயிற்று. மருந்து சேர்த்த இரண்டாவது தட்டைக் குப்பைக்குக் கொண்டுபோனவள், பழக்கதோஷத்தால் ஒருமுறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள்.

சந்து திறந்து கிடந்தது. பீரங்கி முழங்கிய மறு நிமிடம் ஸ்ஃபாக்ஸ் தெருக்கள் கிடப்பதுபோல, ஒரு ஜீவன் குறுக்கே போகவில்லை.

"இங்க வந்து உக்காரு. நான் சொன்னா பசியில உளர்றேன்னுவ."

துஹாமி பார்த்தான். அவன் கை தானாகச் சட்டைப் பையில் இல்லாத சிகரெட்டைத் தேடியது. "சீரத்துலயுமா நின்னுருக்கு?"

"சீரத்துலயும்."

(இந்த வரியை எழுதியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். யோசித்துப் பாருங்கள். அவள் ஒரு சமிக்ஞையைக் கொடுத்துத்தான் மருந்தைச் சோதிக்க நினைத்தாள். துஹாமியின் கிறுக்கு, ஒரு சந்தைக்கடை இரைச்சலையே திறந்துவிட்டது. அத்தனைக்கும் நடுவில் அணுக்கள் செவிடாக நின்றிருக்கின்றன!)

"செத்துக் கிடக்குதோ என்னவோ" என்றான் துஹாமி.

5

புற்றணு செத்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சோப்புத் தண்ணீரும்தான் கொல்லும் என்றான் துஹாமி. காதை அடைக்கும் அளவில் கொடுத்ததே கொன்றிருந்தால் அது விஷம். நல்ல அணுவையும் விடாது. உயிரோடு இருந்து, கேளாமல் நின்றால்தான் மருந்து.

"செத்திருந்தா உருண்டு மிதக்குமே" என்றாள் இன்சாஃப்.

"எல்லாம் மிதக்காதும்மா."

அது அவளுக்கும் தெரியும். நீலச் சாயத்தை எடுத்தாள். செத்த அணு சாயத்தை உறிஞ்சி நீலமாகும். உயிருள்ளது உள்ளே விடாது. சொட்டுகளை விட்டாள், கழுவினாள், தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள்.

[முடிவு அ: எங்கும் நீலம். அவள் தட்டைக் கழுவி... எழுதினேன், தாங்கவில்லை.

முடிவு ஆ: நீலமே இல்லை. துஹாமி அவளை... எழுதினேன். ஆசைப்பட்டு எழுதியது என்று வரிக்கு வரி தெரிந்தது.]

நடந்ததைச் சொல்லத் துஹாமி வாயைத் திறந்தான். நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதற்கு முந்திய நொடிவரை போதும் எனக்கு.

அந்த நொடியில் இன்சாஃப் கண்ணை வைத்தாள், மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, எடுத்துவிட்டாள். "நீ பாரு."

"கெடுத்தவன் நானு. நீ பாரு."

இரண்டு பேரும் தள்ளி நிற்கிறார்கள். முக்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். வலப்பக்கத் திருகை மெல்லத் திருப்பினால் தெளிவாகும். நீலம் தெரிந்தால் திரும்பி, மெதுவாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், நோன்போடு நிற்கிறார்கள் என்றும் பாராமல் கத்துங்கள்.