பெரியவரின் தலையாட்டல்

"வலிக்குதாய்யா?" என்று நர்ஸ் கேட்டாள். கட்டிலில் கிடந்த பெரியவர் தலையாட்டினார்.

"வலி இல்லதானே?" அதற்கும் ஆட்டினார்.

அவளுக்குக் கிறுகிறுத்தது. காலையிலும் இதே கதைதான். ஊசி போடவா என்றாலும் ஆட்டினார், வேண்டாமா என்றாலும் ஆட்டினார். ஸ்கேனில் மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். பின்னே இதென்ன கூத்து?

பக்கத்தில் நின்ற மகனிடம் எரிச்சலோடு திரும்பினாள். "வீட்டுலயும் உங்கப்பா இப்படித்தானா?"

"வீட்டுல வாயத் தொறந்தா மூடவே மாட்டாரு சிஸ்டர். நேத்து ஸ்கேனுக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான் பூம்பூம் மாடு ஆயிட்டாரு. எனக்கும் ஒண்ணும் புரியல."

"அங்க என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. காது மிஷினக் கழட்டி எங்கிட்ட குடுத்தாங்க. தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கேன்." பெருமையாகச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

பார்வையாலேயே அவனைச் சுட்டுவிட்டு, மிஷினைப் பிடுங்கிப் பெரியவர் காதில் மாட்டினாள். அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பொழைக்க மாட்டேனாம்மா?" என்றார் மெல்ல. "நேத்துலேருந்து எல்லாரும் எங்கிட்ட வாய மட்டும் அசைக்கிறீங்களே?"