ஒடெஸாவின் நீலப் பாத்திரம்

என் மகன் கார்டெலைப் போலீஸ்காரன் சுட்டுக் கொன்ற பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. வறுத்த கோழி, கீரை, மக்ரோனி, பீச் பழம் வைத்துச் சுட்ட பண்டம் என்று சர்ச் பெண்கள் கொண்டுவந்து குவித்தார்கள். எங்கள் ஊர் ஹால்புரூக்கின் கிழக்குப் பக்கத்தில் துக்க வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி அவரவர் பெயரை எழுதியிருப்பார்கள். கழுவித் திருப்பித் தர வேண்டும். அதையும் காலியாகத் தரக் கூடாது.

நகராட்சி எங்களுக்குத் தந்தது ஒரே ஒரு வரி அறிக்கை. கையிலிருந்த பொருளைக் கீழே போடச் சொல்லியும் அந்த இளைஞர் மறுத்தாராம். என்ன பொருள் என்று கேட்டால், விசாரணை நடக்கிறது என்பார்கள். சுட்டவன் நெஞ்சில் கேமரா இருந்ததே, அதைக் காட்டுங்கள் என்றால் அதற்கும் விசாரணைதான். என் பிள்ளை கத்தியைத் தொட்டால் விரலை அறுத்துக்கொள்கிற ரகம். ஆனாலும் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒருவேளை எனக்குத் தெரியாமல் ஏதாவது வைத்திருந்தானோ? பெற்றவளுக்கே பிள்ளை மேல் சந்தேகம் வர வைத்துவிட்டார்களே, அந்த ஆத்திரம்தான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்துத் தெரு ஒடெஸா என் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே சிநேகிதி. செய்திக்காரர்கள் தொல்லை என்று என் போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டாள். என்னைக் கீழே விடாமல் தாங்கினாள்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் பாத்திரங்களைப் பெயர் பார்த்துப் பிரித்துவைத்தேன். ஒடெஸாவின் நீலக் கண்ணாடிப் பாத்திரத்தை மட்டும் காணோம். துக்கத்துக்கு வந்ததல்ல அது. என் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்தது. "அதைக் குடுத்துட்டு வாடா, பாத்து எடுத்துட்டுப் போ, அடுத்தவங்க சாமான், உடைச்சிடாத" என்று கார்டெலிடம் நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "நாளைக்கும்மா" என்றே இழுத்தடித்தான்.

"உன் பாத்திரத்த எவளோ மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கா" என்றேன்.

"விடு வெர்லீன். ஒரு பாத்திரம் போனா குடியா முழுகிடும்?" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள் ஒடெஸா. கரண்டி ஒன்று காணாமல் போனதற்காகச் சர்ச் ஆட்களையே இரண்டாகப் பிரித்தவள் பேசுகிற பேச்சா இது?

புதன்கிழமை நகர மன்றக் கூட்டம். நான் கோட்டை மாட்டியதும் வாசலை மறித்தாள்.

"இன்னிக்கு வேணாம். உனக்கு உடம்பே சரியில்ல."

"என் உடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்த ஊருக்குத்தான் சரியில்ல. நகரு."

மன்றத்தில் கிழக்குப் பக்கமே திரண்டிருந்தது. எல்லோர் சட்டையிலும் என் மகனின் முகம். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் செத்துவிடும். தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவும் வழி உண்டு.

மைக்கைப் பிடித்து ஒரு மூச்சில் கொட்டினேன். "எம்மவன் கையில என்ன இருந்துச்சு? அந்த வீடியோவ எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க? உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா ஒளிப்பீங்களா?"

மேயரம்மா முகம் வெளுத்தது. "அம்மா... அத திங்கக்கிழமையே வெளியிட்டுட்டோமே. உங்க போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னோம். யாரோ ஒருத்தங்க எடுத்து, நான் சொல்லிடறேன்னாங்களே."

திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் தலையைக் குனிந்திருந்தார்கள். சட்டைகளில் இருந்த என் மகன் மட்டும்தான் என்னை நேராகப் பார்த்தான்.

"அவங்க ஒளிச்சாங்க, சரி. நீ எதுக்குடி ஒளிச்ச?" என்று கூடவே வந்திருந்த ஒடெஸாவைக் கேட்டேன்.

ஒடெஸா அழுதாள். "நீ தாங்க மாட்டடி."

"தாங்குறதும் தாங்காததும் என் பாடு. அவனப் பெத்தவ நான். ஊரே பாத்தாச்சு, நான் பாக்கக் கூடாதா?" மேயர் பக்கம் திரும்பினேன். "போடுங்க. இங்கயே போடுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் அடங்கியது. "உங்க நேரம் முடிஞ்சுதும்மா" என்றார் மேயர். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதை வைத்து நான் என்ன செய்ய?

அப்போது ஒடெஸா எழுந்து வந்தாள். "என் நேரத்த இவளுக்குக் குடுக்கறேன்" என்றாள். எங்கள் சர்ச் பாஸ்டரும் எழுந்து தன் நேரத்தைத் தந்தார். பின்வரிசையில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். விதி அவர்கள் போட்டதுதான், மறுக்க வழியில்லை. திரையை இறக்கினார்கள்.

என் கார்டெல் நடைபாதையில் வருகிறான். இரண்டு கைகளிலும் ஏதோ பளபளக்கிறது. மேலே அலுமினியத் தாள், கீழே நீலக் கண்ணாடி. "கீழ போடு! கீழ போடு!" என்று போலீஸ்காரன் கத்துகிறான்.

"வைக்கிறேன் சார், வைக்கிறேன். கண்ணாடி சார், உடைஞ்சிரும். அடுத்தவங்க சாமான்."

பாத்திரத்தைத் தரையில் வைக்க என் பிள்ளை மெதுவாகக் குனிந்தான். அவ்வளவுதான். சுட்டுவிட்டான்.

பாத்திரம் கவிழ்ந்து பிளந்து கிடந்தது. ஓரம் கருகிய மக்ரோனி சிதறியிருந்தது. அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது சமையலறையில் தீய்ந்த வாடை அடித்தது. போலீஸ் வந்து கதவைத் தட்டியதில் அதை மறந்தே போயிருந்தேன். காலியாகத் தரக் கூடாது என்று அவனே சமைத்திருக்கிறான். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறான். ஒடெஸா எதை என்னிடமிருந்து மறைத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு கதறவும் தோன்றியது.

நான் வாய் திறப்பதற்குள் ஒடெஸா முன்னால் போய் நின்றாள். மைக் இல்லை. தன் நேரத்தையும் எனக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

"அது என் பாத்திரம்" என்று கத்தினாள். "அடியில என் பேரு எழுதியிருக்கு. பொருள், பொருள்னு எழுதி வச்சிருக்கீங்களே, பாத்திரம்னு எழுதுங்க! உடைஞ்சதா இருந்தாலும் எனக்குத் திருப்பிக் குடுங்க."

"உங்க நேரம்..." என்று ஆரம்பித்தார் மேயர்.

எனக்குக் கொடுத்த நேரம் இன்னும் மிச்சமிருந்தது. மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எம்மவன் மறுக்கல" என்றேன். "கீழ வச்சிக்கிட்டு இருந்தான். அதையும் எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."