சித்தப்பாவுக்குப் போன ஓடிபி

மூன்றாவது தடவையும் பாஸ்வேர்டு தப்பு என்றது. பாண்டிலட்சுமி மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் லேப்டாப்பை முறைத்தாள். பக்கத்திலேயே ஐஸ் பெட்டிக்குள் அப்பா பெத்தணன் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

முப்பது வருஷம் திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தவர். கடைசி இரண்டு வருஷம் ஏஐயிடம் சொல்லிப் படம் வாங்கினார். தன் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் அதிலேயே படம் செய்து வைத்துவிட்டார். ஆதார் கார்டு மூஞ்சியைப் போட்டால் எந்திரித்து வந்துவிடுவேன் என்று ஊரெல்லாம் மிரட்டல் வேறு.

அச்சகத்துக் கதிரவன் வாசலில் நின்றார். பதினொரு மணிக்குள் படம் வந்தால்தான் மிஷினில் ஏற்ற முடியும். நாலு மணிக்கு அப்பாவை எடுக்கிறார்கள்.

ஏஐ கணக்கின் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கேட்ட இடத்தில் அமுக்கினாள். இணைத்திருக்கும் இன்னொரு போன் நம்பருக்கு ஓடிபி போயிருப்பதாகத் திரை சொன்னது. கீழே பெயர்: சீனிச்சாமி, ஆலங்குளம்.

சித்தப்பா!

ஒரு லேபிளில் இருந்த மயிலை யார் வரைந்தது என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம். அவருக்குத் துக்கம் சொல்லிவிட வேண்டாமென்று காலையில்தான் அம்மா தீர்மானம் போட்டிருந்தாள். சொல்லாத வீட்டுக்கு அவரும் வரமாட்டார். பாண்டிலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஃபேனைப் பார்த்தாள்.

பாண்டிலட்சுமியே சித்தப்பாவுக்குப் போன் அடித்தாள். விஷயத்தைச் சொல்லுமுன் அவரே முந்திக்கொண்டார்.

"ஓடிபி வந்திருக்கு. ஒங்கப்பாரு மறுபடி மறந்துட்டாராக்கும்? அவரையே கேக்கச் சொல்லு. வாயத் தொறந்து கேட்டா தர்றேன்."

"அப்பாவால கேக்க முடியாது சித்தப்பா. விடிகாலம் அஞ்சு மணிக்கு…"

மறுமுனையில் லாரி ஒன்று கடந்து போனது. பிறகு ஆறு எண்கள், ஒவ்வொன்றாக. நாலாவதில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

கணக்கு திறந்தது. உள்ளே வரிசையாகப் படங்கள். பாண்டிலட்சுமி சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். கழுதை மேல் வாலைப் பார்த்து உட்கார்ந்த சித்தப்பா: இது அப்பா செய்தது. மறுநாளே கோழிக்கூண்டுக்குள் அப்பா: இது ஆலங்குளத்துப் பதில். இரண்டு வருஷமாக ஒரே கணக்குக்குள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்த அம்மாவுக்கும் தோள் குலுங்கியது.

"ரெண்டும் கிறுக்கு" என்றாள்.

கடைசியில் இருந்தது போஸ்டர் படம். பறக்கும் ராக்கெட் வெடி மேல் ராஜா மாதிரி அப்பா. பின்னால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு சித்தப்பா.

கதிரவன் தலையைச் சொறிந்தார். உயிரோடு இருப்பவரை அஞ்சலி போஸ்டரில் எப்படிப் போடுவது? வெட்டினால் அப்பாவின் இடுப்பில் ரெண்டு கை மட்டும் மிஞ்சும்.

அம்மா போனைப் பிடுங்கினாள்.

"கொழுந்தனாரே, படத்துல ஒங்கள வெட்டவா வேணாமான்னு வந்து சொல்லுங்க."

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெட்டியருகில் நின்றார் சித்தப்பா. பிறகு படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெட்டாதீக. செத்தது யாருன்னு ஒரு அம்புக்குறி போட்டிருங்க, போதும்."

மூன்று மணிக்கு எதிர்ச்சுவரில் போஸ்டர் ஏறியது. பசை வாளியோடு நின்றது சித்தப்பாதான். அண்ணன் முகத்தில் காற்றுக் குமிழ் ஒன்று. உள்ளங்கையால் அதை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்ததை, ஜன்னல் வழியே பாண்டிலட்சுமி பார்த்தாள்.