அடையாளமில்லாத ஏழு நாட்கள்

தொகுஜிக்கு மூக்கில் ரத்தம் வந்தால் அவன் குற்றவாளி. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலும் குற்றவாளி. காக்கையோ பருந்தோ அவன் மேல் எச்சமிட்டால், எலி துணியைக் கடித்தால், காய்ச்சல் கண்டால், வீட்டில் யாராவது செத்தால், எல்லாம் சாமி காட்டும் அடையாளம். ஏழு நாள் அவன் ஹச்சிமன் கோயில் மண்டபத்தில் இருக்க வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஏதாவது நடந்தால் அந்த வீட்டைக் கொளுத்திக் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்துவார்கள். அது பத்தாம் மாதம். மலைமேல் பனி விழுந்திருந்தது. பனிக்காலத்தில் துரத்தப்பட்டவர்கள் எங்கள் ஓமி நாட்டின் எல்லையை உயிரோடு தாண்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோடையில் யாரோ மதகுப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். தண்ணீரெல்லாம் கீழே ஓடி, பண்ணை அதிகாரியின் மேட்டு வயல்கள் காய்ந்தன. மதகுக் காவல் தொகுஜியுடையது. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. அறுவடை முடிந்ததும் விசாரணை வந்தது. நான் கழற்றவில்லை என்று தொகுஜி சத்தியம் செய்தான். காக்கை முத்திரை போட்ட கோயில் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதியது நான். மலை மடத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் துறவியாகாமல் இறங்கி வந்தவன். ஊரில் எழுத்து தெரிந்தவன் வேறு ஆளில்லை. அதனால் காவலுக்கும் என்னையே போட்டார்கள். கூட இன்னொருவன், கன்னாய். அதிகாரியின் ஆள். கண்டதையும் கேட்டதையும் மறைக்க மாட்டோம், மறைத்தால் ஒவ்வொரு மயிர்க்காலிலும் தொழுநோய் இறங்கட்டும் என்று நாங்களும் சத்தியம் செய்தோம். தாளை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து மூவரும் குடித்தோம். தொகுஜி கிண்ணத்தை வழித்துக் குடித்தான்.

அவன்தான் பலகையைக் கழற்றினானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கன்னாய்க்கு அடையாளம் தேவைப்பட்டது. தினமும் காலையில் தொகுஜியின் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவான்.

"இந்தத் துணிய எலி கடிக்காதுடா. நாத்தத்துல எலிதான் சாகும்."

"உன் சட்டையக் கழட்டிப் போடு, கடிக்குதா பாப்போம்" என்றான் தொகுஜி. "அதுலதான் சுட்ட மீன் வாசனை வருது. அதிகாரி வீட்டு மிச்சமா?"

"பேசு, பேசு. ஏழு நாளும் இப்படியே பேசு. எங்கயாவது புரையேறும்."

இரண்டு பேரும் சிறு வயதில் ஒன்றாக ஏரியில் மீன் பிடித்தவர்கள். அதனால் கன்னாய் இரக்கப்பட்டான் என்று நினைக்க வேண்டாம். அவன் உண்மையிலேயே தேடினான்.

காவல் முறை வைத்துக்கொண்டோம். ஒருவன் மண்டபத்தில் இருந்தால் இன்னொருவன் வாசல் குடிசையில் இருப்பான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இருவரும் எதிரே உட்கார வேண்டும், புரையேறுகிறதா என்று பார்க்க. சாப்பாடு தொகுஜியின் மனைவி அகோமே கொண்டு வருவாள். அவள் உள்ளே வரக்கூடாது, அவனோடு பேசக்கூடாது. வாசல் தூணுக்கு வெளியே நின்று, குடிசையில் இருப்பவனின் மரக்கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிவிட்டுப் போவாள். அவர்களுடைய மகள் தோராவுக்கு விசாரணைக்கு முன்பிருந்தே காய்ச்சல். "எப்படியிருக்கா?" என்று தொகுஜி கேட்பான். "அப்படியேதான்" என்று நாங்கள் சொல்வோம்.

ஐந்தாம் நாள் காலை நான் குடிசையில் இருந்தேன். அகோமே வழக்கமான இடத்துக்கு நாலடி தள்ளியே நின்றாள். நான் கிண்ணத்தை நீட்டினேன்.

"கிட்ட வராதீங்க அண்ணே" என்றாள். "பானை காலி. நாலு பேரு பாக்கணுமேன்னு தூக்கிட்டு வந்தேன்."

நான் நின்றுவிட்டேன்.

"விடியறதுக்கு முன்னாடி போயிட்டா."

அவள் முகத்தில் ஒன்றுமில்லை. தலை வாரியிருந்தாள். துணி துவைத்ததாக இருந்தது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு. போர்த்திப் படுக்க வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டா தூங்குறான்னு சொல்லிட்டேன். நான் அழல."

"அப்போ என்கிட்ட ஏன் சொன்னே? சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"சாவு வீட்டு அடுப்புல ஆக்குனத சாமி சன்னிதிக்குள்ள எப்படி அனுப்பறது?" அவளுக்குக் கோபம் வந்தது. "நான் அந்த அளவுக்குக் கெட்டவ இல்ல. அதிகாரிகிட்டதான் மறைக்கிறேன். சாமிய ஏமாத்தல. இன்னைக்கும் நாளைக்கும் நாளான்னைக்கும் உங்க அடுப்புல ஆக்கி அவருக்குக் கொடுங்க. நான் காலிப் பானைய வந்து காட்டிட்டுப் போறேன்."

"தோராவுக்கு ஏழு வயசாயிடுச்சா?"

"ஆச்சு."

ஏழுக்குக் கீழே உள்ள பிள்ளை செத்தால் துக்கமும் இல்லை, தீட்டும் இல்லை, அது அடையாளத்திலும் சேராது. தோரா வருடத்தின் கடைசி மாதம் இருபத்தொன்பதாம் தேதி பிறந்தவள். பிறந்த உடனே ஒரு வயது, இரண்டே நாளில் புத்தாண்டு வந்து இரண்டு வயது. அந்த இரண்டு நாள் கழித்துப் பிறந்திருந்தால் இப்போது ஆறு.

"ஆறுன்னு சொல்ல முடியாதா?"

"புத்தாண்டு மோச்சிக்கு அரிசி இடிச்சுக்கிட்டு இருந்தப்பதான் எனக்கு வலி எடுத்துச்சு. ஊரே இருந்துச்சே அண்ணே."

அவள் குனிந்து பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். நடை மாறவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், என் தோலைத்தான் நினைத்தேன். முழங்கையைத் தேய்த்துப் பார்த்தேன். மடத்தில் தொழுநோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறேன், அது எப்படித் தொடங்கும் என்று தெரியும். பிறகு அடுப்பைப் பற்றவைத்துத் தினையைப் போட்டேன்.

தொகுஜி ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினான். கன்னாய் உடனே முன்னால் சாய்ந்தான்.

"என்ன, தொண்டையில மாட்டிக்கிச்சா?"

"உப்பில்ல."

கன்னாய் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். "நேத்து வரைக்கும் முள்ளங்கி இலை கெடந்துதே. இன்னைக்கு வெறும் தினை. உன் பொண்டாட்டி ஆக்குனதா இது?"

"பிள்ளைக்கு முடியல, அவளுக்கு இலை கிள்ள நேரம் ஏது?"

கன்னாய் கிண்ணத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "சாமியாரே, நீதான காலையில வாசல்ல இருந்தே. பிள்ளை எப்படியிருக்காம்?"

தொகுஜியும் என்னைப் பார்த்தான். மண்டபத்தின் உள்ளே திரை அசையாமல் தொங்கியது. அந்தத் திரைக்கு முன்னால்தான் நான் சாம்பல் குடித்தேன்.

"கஞ்சி குடிச்சாளாம்" என்றேன்.

"எவ்வளவு?" என்றான் தொகுஜி.

"அரைக் கிண்ணம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. புரையேறிவிட்டதோ என்று கன்னாய் எழுந்தே விட்டான். புரையில்லை. அழுகை. அழுகை அடையாளத்தில் சேராது. கன்னாய் திரும்ப உட்கார்ந்தான்.

ஆறாம் நாள் தொகுஜி நிறைய பேசினான். சாமி தன்னை மட்டும் பார்க்கவில்லை, பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது என்றான். தான் பொய் சொல்லியிருந்தால் காய்ச்சல் இறங்கியிருக்குமா என்று என்னைக் கேட்டான். இறங்கியிருக்காது என்றேன். ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது கடினமில்லை. அன்று நான் தினையில் உப்புப் போட்டேன், முள்ளங்கி இலையும் போட்டேன். கன்னாய் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான்.

ஏழாம் நாள் காலைக் கஞ்சியோடு கெடு முடிந்தது, ஆனால் விடுவிக்க வேண்டிய அதிகாரியின் எழுத்தர் சூரியன் ஏரிக்குள் இறங்கும் நேரத்தில்தான் வந்தார். சட்டையைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். எங்களிடம் கேட்டார். கன்னாய் "ஒண்ணும் இல்லீங்க" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். நானும் "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். தொகுஜி வெளியே வந்தான்.

அவன் வேகமாக நடந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வழியில் ஒரு வீட்டு வேலியில் காய்ந்துகொண்டிருந்த பனிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளைக்கு.

அகோமே கதவருகே நின்றிருந்தாள். "மத்தியானம்" என்றாள். "இன்னைக்கு மத்தியானம்தான். நல்லாத்தான் இருந்தா."

அவன் பழத்தை மடியிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே போய்ப் போர்வையை விலக்கினான். மகளின் கையைப் பிடித்துத் தூக்கினான். மதியம் செத்த உடம்பு சாயங்காலம் விறைத்திருக்கும். அந்தக் கை தளர்ந்து, பிடித்த பக்கமெல்லாம் வளைந்தது. விறைத்து, அந்த விறைப்பும் விட்டுப்போன கை. தொகுஜி தன் அப்பாவையும் இரண்டு தம்பிகளையும் கையால் புதைத்தவன். அவன் கையை மெதுவாகக் கீழே வைத்தான். மறுபடி தூக்கினான். மறுபடி வைத்தான்.

பிறகு என்னைப் பார்த்தான். "கஞ்சி குடிச்சான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அரைக் கிண்ணம்னு."

அகோமே சுவரோரம் நின்றாள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அப்படியே இருந்திருப்பாள் என்று தோன்றியது. அவன் ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும், எழுத்தர் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார்.

தொகுஜி எழுந்தான். தெருவுக்குப் போனான். எதிர்வீட்டுக்காரி விறகோடு வந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"எம் பொண்ணு போயிட்டா" என்றான்.

"ஐயோ! எப்ப?"

ஏழு நாள் சாமிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து வந்தவன், தரையைப் பார்க்காமல் அவளை நேராகப் பார்த்தான்.

"இன்னைக்கு மத்தியானம்."

அவன் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே அகோமே கையை வாயிலிருந்து எடுத்தாள்.